கீழடிப் பானைக்குள் ஒட்டியிருந்த கறுப்பு... 2,600 வருட ரகசியத்தை லேசர் படித்தது எப்படி?

மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்தில் இருக்கிறது கீழடி. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தங்க அணிகலன்கள், தாயக்கட்டை, எழுத்து பொறித்த ஓடுகள் முன்னால்தான் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். வெளியே சிவப்பாகவும் உள்ளே கறுப்பாகவும் இருக்கும் சாதாரணப் பானை ஓடுகளை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆனால், 2020 நவம்பரில் உலக அறிவியல் இதழ் ஒன்றில் கீழடியின் பெயர் இடம்பெற்றது அந்தக் கறுப்பால்தான். பானையின் உள்சுவரில் ஒட்டியிருந்த மெல்லிய கறுப்புப் பூச்சு என்ன பொருள் என்று ஆராய்ந்தார்கள். ஆய்வில் முக்கியமான கருவி லேசர் ஒளி.

தொடாமல், கரைக்காமல், ஒளியை மட்டும் அடித்து ஒரு பரப்பில் ஒட்டியிருக்கும் துளியூண்டு வேதிப்பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி? அதே வித்தை நம் வீட்டுக்கு வரும் மாம்பழத்துக்கும் மீனுக்கும் பயன்படுமா? பார்ப்போம்.

முதலில் கீழடி... சுருக்கமாக!

வைகைக் கரையோரம் தொல்லியல் இடங்களைத் தேடி இந்தியத் தொல்லியல் துறை ஓர் ஆய்வு நடத்தியது. தேனி மாவட்டத்திலிருந்து ராமநாதபுரம் வரை 293 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் ஒன்றான கீழடியில் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் அகழாய்வு தொடங்கியது. பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை பணியை எடுத்துக்கொண்டது.

அங்கே கிடைத்த ஆறு கரித்துண்டு மாதிரிகள் அமெரிக்காவின் மியாமி நகரில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று முடிவு வந்தது. இந்தத் தகவலுடன் 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியானபோது தமிழகமே திரும்பிப் பார்த்தது.

கரித்துண்டு சொன்னது வயதை. அடுத்த கேள்வி, பானை பற்றியது. உள்ளே இருக்கும் இந்தக் கறுப்பு என்ன? அடிப்பிடித்த கரியா? சூளையின் புகையா? பூசிய பூச்சா?

கண்ணால் பார்த்தால் மூன்றும் கறுப்புதான். இங்கேதான் லேசர் உள்ளே வருகிறது.

தட்டினால் சொல்லும் தூண் மாதிரி!

மீனாட்சி அம்மன் கோயிலின் இசைத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே கல்தான். ஆனால், தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஒலி தரும். தூணின் கனமும் உயரமும் மாறுவதால் அதிர்வும் மாறுகிறது. பழக்கப்பட்ட காது என்றால், கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தூண் என்று சொல்லிவிடலாம்.

மூலக்கூறுகளும் அப்படித்தான். அணுக்கள் ஒன்றோடு ஒன்று ஸ்பிரிங் போட்டுக் கட்டியதுபோல் பிணைந்திருக்கின்றன. அந்த ஸ்பிரிங்குகள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். சர்க்கரைக்கு ஓர் அதிர்வுக் கூட்டம், எண்ணெய்க்கு வேறு, வெடிமருந்துக்கு வேறு. கைரேகை மாதிரி, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

அந்த அதிர்வைக் கேட்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, அகச்சிவப்புக் கதிர் வழி. வில்லியம் ஹெர்ஷல் 1800-ல் கண்டுபிடித்த, கண்ணுக்குத் தெரியாத ஒளி இது. மூலக்கூறின் அதிர்வு வேகத்துக்குச் சரியாகப் பொருந்தும் கதிரை மட்டும் அந்த மூலக்கூறு விழுங்கிவிடும். திரும்பி வரும் ஒளியில் எங்கெங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்த்தால், விழுங்கியது யார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, ராமன் வழி. லேசர் ஒளியை ஒரு பொருள் மீது அடித்தால் பெரும்பகுதி அதே நிறத்தில் சிதறித் திரும்பும். ஏறக்குறைய கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் மூலக்கூறின் அதிர்வோடு கொஞ்சம் ஆற்றலைக் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டு, சற்றே நிறம் மாறித் திரும்பும். நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால் மூலக்கூறின் அடையாளம் கிடைத்துவிடும்.

அமெரிக்கன் கல்லூரி மாணவரின் பங்கு

இந்த இரண்டாவது வழியில் மதுரைக்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். திருச்சியில் பிறந்த சி.வி.ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஆய்வில் ராமனின் வலதுகையாக இருந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். சொந்த ஊர், ஶ்ரீவில்லிபுத்தூர் பக்கமுள்ள வத்திராயிருப்பு. படித்தது மதுரை அமெரிக்கன் கல்லூரியில். 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் வெளியான முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவரின் பெயரும் இருக்கிறது. பின்னாளில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் இவர்தான்.

அப்போது லேசர் கிடையாது. ஆரம்பத்தில் சூரிய ஒளியை வைத்தும், பிறகு பாதரச விளக்கை வைத்தும்தான் வேலை நடந்தது. கோடியில் ஒன்றாகத் திரும்பும் ஒளியைப் பிடிக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1960-ல் லேசர் வந்த பிறகுதான் இந்த முறை வேகம் பிடித்தது. இன்று செங்கல் அளவுக் கருவியைக் கையில் பிடித்தபடி, சில விநாடிகளில் ஒரு பொடி என்னவென்று சொல்லிவிடலாம். மருந்துத் தொழிற்சாலைகளில், வந்திறங்கும் மூலப்பொருள் சரியானதுதானா என்று சோதிப்பது இப்படித்தான்.

கறுப்புக்குள் என்ன இருந்தது?

வேலூர் வி.ஐ.டி-யைச் சேர்ந்த விஜயானந்த் சந்திரசேகரன் உள்ளிட்ட ஆய்வுக் குழு, கீழடிப் பானை ஓடுகளின் உள்பூச்சை ஆராய்ந்தது. ராமன் நிறமாலையோடு எலக்ட்ரான் நுண்ணோக்கியும் பயன்படுத்தப்பட்டது. முடிவுகள் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியாகின.

அந்தக் கறுப்பு, கார்பன்தான். ஆனால், கார்பனிலும் பல வகை உண்டு. வைரமும் கார்பன்தான், பென்சில் முனையும் கார்பன்தான், அடுப்புக் கரியும் கார்பன்தான். ராமன் வரைபடத்தில் வைரம் 1,332 என்ற இடத்தில் கூர்மையான ஒற்றைக் கோடாக நிற்கும். பென்சில் முனையின் கிராஃபைட் 1,580-ஐ ஒட்டி எழும். அடுக்குகள் கலைந்துபோன கரி என்றால் 1,350 பக்கமும் ஒரு மேடு சேர்ந்துகொள்ளும். ஒரே தனிமம், ஆனால் வேறு வேறு ரேகை.

கீழடிப் பூச்சில் இருந்தவை கார்பன் நானோ குழாய்கள். கார்பன் அணுக்களால் ஆன ஒற்றை அடுக்குத் தாளைப் பாய்போல் சுருட்டினால் எப்படியிருக்கும்? அதுதான் நானோ குழாய். ஒற்றைச் சுவர்க் குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்க் குழாய்கள், சுருளாத கார்பன் தாள்கள் என மூன்றும் இருந்தன. ஒற்றைச் சுவர்க் குழாயின் சராசரி விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர். தலைமுடியை விட லட்சம் மடங்குக்கும் மேல் ஒல்லி!

இதற்கு முன் பேசப்பட்ட பழைய உதாரணம், 17-ம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள். அதற்குள் நானோ குழாய்கள் இருப்பதை ஜெர்மனியின் டிரெஸ்டன் விஞ்ஞானிகள் 2006-ல் சொன்னார்கள். அந்த வாள்களுக்கான எஃகு தென்னிந்தியாவிலிருந்து போனது என்பது தனிக்கதை. கீழடிப் பானை அந்தக் கணக்கை கி.மு. 6-ம் நூற்றாண்டு வரை பின்னால் தள்ளியது. 2,600 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அந்தப் பூச்சு உதிராமல் நின்றதுதான் ஆய்வாளர்களை வியக்க வைத்த விஷயம்.

அப்படியென்றால் 'நானோ டெக்னாலஜி' தெரிந்தவர்களா?

ஆய்வுக் கட்டுரை வந்த கையோடு வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளும் கிளம்பின. 'அன்றே நானோ தொழில்நுட்பம் கண்ட தமிழன்' என்ற ரகத்தில். இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை.

கறுப்பு-சிவப்புப் பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். வெளிப்பக்கம் காற்று படுவதால் மண்ணில் உள்ள இரும்பு சிவக்கும். உள்பக்கம் காற்று கிடைக்காமல் கார்பன் படிந்து கறுக்கும். கீழடிக் குயவர்கள் உள்ளே ஏதாவது தாவரச் சாறு போன்ற ஒன்றைப் பூசிச் சுட்டிருக்கலாம், அதிக வெப்பத்தில் அதிலிருந்த கார்பன் குழாயாக மாறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன ஊகம்.

ஆக, குயவருக்கு நானோமீட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பூச்சைப் போட்டு, எவ்வளவு நேரம், எப்படிச் சுட்டால் பானை நீர் கசியாமல் நீடிக்கும் என்பது கைப்பழக்கமாகத் தெரிந்திருக்கிறது. அம்மியில் அரைக்கிற பாட்டிக்கு வேதியியல் தெரியாவிட்டாலும் துவையல் பதம் தவறாது இல்லையா? அது குறைவான அறிவு இல்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துச் சேர்த்த அறிவு. லேசர் காட்டியது அந்தக் கைத்திறனின் தடயத்தை. அதைத் தாண்டி லேசர் சொல்லாததை நாம் அதன் வாயில் திணிக்கக் கூடாது.

அந்தப் பானையில் என்ன சமைத்தார்கள்?

எல்லோருக்கும் வரும் அடுத்த கேள்வி இது. ஆனால், கறுப்புப் பூச்சு ஆய்வு இதற்குப் பதில் சொல்லவில்லை. பூச்சு வேறு, சமைத்த உணவின் மிச்சம் வேறு.

மண்பானையில் சமைக்கும்போது கொழுப்பும் எண்ணெயும் சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். எவ்வளவு தேய்த்து விளக்கினாலும் போகாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் கொஞ்சம் மிச்சமிருக்க வாய்ப்பு உண்டு. சிந்துவெளிப் பானைகளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அக்ஷ்யேதா சூர்யநாராயண் குழு இப்படித் தேடியது. ஆடு, மாடு, எருமை, பன்றி இறைச்சிக்கும், பால் பொருட்களுக்கும் உரிய கொழுப்புத் தடயங்கள் கிடைத்ததாக 2020 டிசம்பரில் ஆய்வு வெளியானது.

ஆனால், அதற்கு ஓட்டைக் கொஞ்சம் துளையிட்டுப் பொடியெடுத்து, ரசாயனத்தில் கரைத்து, வேறு கருவிகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எடுத்த பொடி திரும்ப வராது. ஒளி முறையின் பெரிய லாபம் இங்கேதான். முதலில் அகச்சிவப்பிலும் லேசரிலும் பார்த்து, எந்த ஓட்டில் தடயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று வடிகட்டலாம். நூறு ஓட்டையும் துளையிடாமல், தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் துளையிட்டால் போதும்.

லேசருக்கும் தலைவலி உண்டு

ஒளியை அடித்தால் உடனே பெயர் சொல்லிவிடும் என்று சினிமாவில் காட்டுவது போல இல்லை. மண்ணில் புதைந்திருந்த பொருளில் உள்ள அழுக்கும் மட்கிய சத்தும் லேசர் பட்டால் தாமாகவே ஒளிரத் தொடங்கும். கோடியில் ஒன்றாக வரும் ராமன் ஒளி அந்தப் பளபளப்பில் மூழ்கிவிடும். திருவிழாக் கூட்டத்தில் காதோரம் ரகசியம் சொன்ன கதைதான்.

இதைச் சமாளிக்க, பச்சை லேசருக்குப் பதில் 785 அல்லது 1,064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைப் பயன்படுத்துவது வழக்கம். அதன் ஆற்றல் குறைவு என்பதால் அழுக்கு அவ்வளவாக ஒளிராது. இன்னொரு சிக்கல், கறுப்பு நிறம் லேசரை உறிஞ்சிச் சூடாகிவிடும். கொஞ்சம் அசந்தால் ஆராயவந்த பூச்சே கருகிவிடும். அதனால், லேசரின் வீரியத்தை மிகவும் குறைத்து வைத்துத்தான் வேலை செய்வார்கள்.

அகச்சிவப்பு முறையின் எதிரி, தண்ணீர். ஈரப் பரப்பில் கதிரைத் தண்ணீரே விழுங்கிவிடும். உலர்ந்த பரப்பில் அதன் பலம் அதிகம். 1994-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான குவாண்டம் கேஸ்கேட் லேசர் இந்தத் துறையையே மாற்றிவிட்டது. நாம் விரும்பும் அகச்சிவப்பு அலைநீளத்தில் வலுவான கதிர் தரும் சின்னஞ்சிறு சில்லு அது. கார் கதவிலோ பையின் கைப்பிடியிலோ விரல் ரேகையோடு ஒட்டியிருக்கும் வெடிமருந்துத் துகளை, சில மீட்டர் தள்ளி நின்றே கண்டுபிடிக்க இந்த லேசரை வைத்து உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது.

நம்ம வீட்டு மாம்பழமும் மீனும்?

'பானையைக் கண்டுபிடித்த லேசர், காய்கறியில் மருந்தைக் கண்டுபிடிக்காதா?' நியாயமான கேள்வி. கண்டுபிடிக்கும், ஆனால் சில நிபந்தனைகளோடு.

* பூச்சிமருந்து: தோலின் மேல் உள்ள மிச்சம் மிகமிகக் குறைவு. ராமன் ஒளியைப் பல மடங்கு பெருக்கிக் காட்ட, வெள்ளி நானோ துகள்களைத் தடவிப் பார்க்கும் முறை இருக்கிறது. பழத்தோலில் சில மருந்துகளை இப்படிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால், சட்டப்படியான சான்றுக்கு இன்றும் ஆய்வகத்தில் கரைத்துச் செய்யும் சோதனைதான்.
* மீனில் ஃபார்மலின்: கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் கண்டறிய, நிறம் மாறும் காகிதப் பட்டையை உருவாக்கியிருக்கிறது. மார்க்கெட்டில் வைத்தே சோதிக்க லேசரை விட இதுதான் எளிது, செலவும் குறைவு.
* மாம்பழம்: கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தோலில் சாம்பல் நிறப் பொடி தெரிந்தால் அந்தப் பழத்தை வாங்காமல் இருப்பதே நல்லது.
* கழுவினால் போகுமா? மேல்தோலில் மட்டும் ஒட்டியிருப்பது ஓடும் தண்ணீரில் கணிசமாகக் குறையும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து கழுவினாலும் போகாது.

மொபைல் கேமராவால் முடியுமா?

ஒரு சின்னச் சோதனை. டிவி ரிமோட்டை உங்கள் போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மினுங்கும். அதுதான் அகச்சிவப்பு. குழந்தைகளுக்குக் காட்டினால் ஆச்சர்யப்படுவார்கள். எல்லா போனிலும் தெரியாது. சிலவற்றில் இந்தக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும்.

ஆனால், ரிமோட்டின் ஒளி, கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்குப் பக்கத்து வீடு. மூலக்கூறுகளின் ரேகை தெளிவாகத் தெரிவது அதைவிடப் பல மடங்கு நீண்ட அலைநீளத்தில். போன் கேமராவால் அதைப் பார்க்கவே முடியாது. எனவே 'காய்கறியைப் போட்டோ எடுங்கள், பூச்சிமருந்து அளவு சொல்கிறோம்' என்று எந்த ஆப் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்.

தோட்டத்தில் பானை கிடைத்தால்...

வைகைச் சமவெளியில் 293 இடங்கள் என்று பார்த்தோம். கிணறு வெட்டும்போதோ, தென்னங்கன்றுக்குக் குழி தோண்டும்போதோ, கண்மாயில் மண் எடுக்கும்போதோ பழைய ஓடுகள் தட்டுப்படுவது இந்தப் பக்கத்தில் புதிதில்லை. கிடைத்ததும் செய்கிற முதல் வேலை, சோப்பும் பிரஷும் போட்டுப் பளிச்சென்று கழுவுவது. அழுக்கு என்று நாம் நினைத்துத் தேய்த்து எடுப்பதே ஆய்வாளர்கள் தேடும் தடயமாக இருக்கலாம்.

கையில் தடவியிருக்கும் க்ரீம், விரலின் எண்ணெய்ப்பசை, பிளாஸ்டிக் பையிலிருந்து இறங்கும் ரசாயனம் எல்லாமே ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். கருவி இவ்வளவு நுட்பமாக இருப்பதால், 2,600 வருடத் தடயத்தோடு சேர்த்து நேற்றைய க்ரீமையும் அது காட்டும். இதனால்தான் எச்சம் தேடும் ஆய்வாளர்கள் சில ஓடுகளையாவது கழுவாமல், கையுறை போட்டு எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி வைக்கச் சொல்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிடைத்ததை மேற்கொண்டு தோண்டாதீர்கள். கழுவாதீர்கள், சுரண்டாதீர்கள், உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். எந்த ஆழத்தில், எப்படிக் கிடந்தது என்று ஒரு போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.

கீழடியில் ஒரு கறுப்புப் பூச்சு பேசியிருக்கிறது. அந்தச் சமவெளியில் மண்ணுக்குள் இன்னும் எத்தனையோ பானைகள் கிடக்கலாம். அவற்றில் கொதித்தது கஞ்சியா, கறிக்குழம்பா என்று நம் பிள்ளைகள் காலத்தில் தெரியவரலாம். அதுவரை யாரும் அவற்றைப் புளி போட்டு விளக்காமல் இருக்க வேண்டும்!